விற்பனையும் சந்தைப்படுத்தலும் படிக்கக் கொழும்பில் எங்கே சேரலாம்? அடிக்கடி வரும் கேள்விகள்

உயர்தரப் பெறுபேறு வெளியான கிழமையில் வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு சுற்று நடந்தால் கையில் நாலு துண்டுப்பிரசுரம் சேர்ந்துவிடும். எல்லாவற்றிலும் கறுப்புத் தொப்பி போட்ட பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். விற்பனைப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் நேர்முகத் தேர்வுகளில் மேசையின் மறுபக்கம் இருந்து பழகியவன் நான். பெற்றோரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

விற்பனைக்கென்றே தனியாகப் பட்டம் இருக்கிறதா?

பெயரில் "விற்பனை" என்று மட்டும் போட்ட பட்டம் இங்கே அரிது. கிடைப்பது பெரும்பாலும் சந்தைப்படுத்தலில் சிறப்புப் பட்டம். அதற்குள் விற்பனை முகாமைத்துவம் ஒன்றிரண்டு பாடமாக வரும். ஆகவே பட்டத்தின் பெயரை விட்டுவிட்டுப் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். விற்பனைப் பிரதேசங்களைப் பிரிப்பது, அடுத்த காலாண்டு விற்பனையைக் கணிப்பது, ரெப்மாருக்கு (விற்பனைப் பிரதிநிதிகளுக்கு) சம்பளமும் கமிஷனும் வகுப்பது, விநியோகஸ்தர்களைக் கையாள்வது, பெரிய வாடிக்கையாளர் கணக்குகள், பேரம் பேசுவது ஆகியவை தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாவற்றையும் மூன்றாம் வருடத்தில் ஒரே பாடத்துக்குள் அடைத்திருந்தால் அங்கே விற்பனை பேருக்குத்தான் இருக்கிறது.

கணக்கியலும் புள்ளிவிபரவியலும் இல்லாத திட்டம் என்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும். நூற்றுக்கு 5 கழிவு கொடுத்தால் இலாபத்தில் எவ்வளவு போகும் என்று கடை வாசலில் நின்றபடியே கணக்குப் போடத் தெரியாதவரை எந்தக் கம்பனியும் வைத்துக்கொள்ளாது.

விற்பனையும் சந்தைப்படுத்தலும் வெவ்வேறு துறை என்று சிலர் வாதாடுவார்கள். சந்தைப்படுத்தலுக்கான பிரித்தானியத் தொழில்சார் அமைப்பான சிஐஎம் 1911இல் தொடங்கியபோது அதன் பெயரே விற்பனை முகாமையாளர் சங்கம்தான்.

அரச பல்கலைக்கழகங்களில் எங்கே இருக்கிறது?

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ, நிதிப் பீடத்தில் சந்தைப்படுத்தல் துறை இருக்கிறது. நுகேகொடைப் பக்கம் கங்கொடவிலையில் ஸ்ரீ ஜயவர்தனபுர, கண்டி வீதியில் களனி, இரண்டிலும் சந்தைப்படுத்தல் முகாமைத்துவத்துக்குத் தனித் துறை உண்டு. கொழும்பை விட்டுப் போகத் தயார் என்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் சந்தைப்படுத்தல் துறை இருக்கிறது.

ஒன்றை மறந்துவிடவேண்டாம். பல இடங்களில் அனுமதி கிடைப்பது முகாமைத்துவத்துக்கு. முதலில் எல்லோரும் பொதுவாகப் படித்து, பெறுபேற்றைப் பார்த்துத்தான் சிறப்புத் துறை பிரிப்பார்கள். "கம்பஸ் கிடைத்துவிட்டது" என்று முதல் வருடத்தைச் சும்மா கடத்தினால் சந்தைப்படுத்தல் கைநழுவிப் போகலாம்.

மகனுக்கு மூன்று பாடமும் நல்ல பெறுபேறு. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி போதவில்லை என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவனுடைய மச்சானுக்குக் குறைந்த புள்ளிக்கே கிடைத்தது. இது எப்படி?

முகாமைத்துவம் போன்ற துறைகளில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. அந்த 16இல் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, நுவரெலியா எல்லாம் உண்டு, கொழும்பு இல்லை. கொழும்பு மாவட்டப் பிள்ளை ரோயல், விசாகா பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்கிறது. அநியாயமா நியாயமா என்பது வேறு விவாதம். வெட்டுப்புள்ளி வந்த பிறகு அதை விவாதித்துப் பயனில்லை.

தனியார் நிறுவனம் ஒன்று "அரச அங்கீகாரம் பெற்றது" என்கிறது. எப்படிச் சரிபார்ப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

"அங்கீகாரம்" என்ற சொல்லை ஆளுக்கொரு அர்த்தத்தில் பாவிக்கிறார்கள். கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்த நிறுவனம் "அரசிடம் பதிவு செய்யப்பட்டது" என்று போடும். அது ஒரு பேக்கரிக்கும் கிடைக்கும் பதிவு. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருந்தால் அது பயிற்சி நெறிகளுக்கான பதிவு. அதை வைத்துப் பட்டம் கொடுக்க முடியாது. "கம்பஸ்" என்ற சொல் பெயரில் இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது.

உள்ளூர்ப் பட்டம் கொடுக்க வேண்டுமானால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அமைச்சரின் அங்கீகாரம் வர்த்தமானியில் வந்திருக்க வேண்டும். அந்த அங்கீகாரம் பட்டத்துக்குப் பட்டம் தனித்தனி. ஒரு நிறுவனத்தின் கணினிப் பட்டத்துக்கு இருக்கும், அதே கட்டடத்தில் நடக்கும் சந்தைப்படுத்தல் பட்டத்துக்கு இல்லாமலும் இருக்கலாம். ஆகவே "இந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா?" என்று கேட்டால் அரைப் பதில்தான் வரும். பட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லி, அது வந்த வர்த்தமானியைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு வார்ட் பிளேஸில் இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையதளப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

இந்த வழியில் பட்டம் கொடுப்பவற்றில் கொழும்பைச் சுற்றி அதிகம் கேட்கப்படும் பெயர்கள் மாலபேயில் ஸ்லிட், ஹோமாகமைப் பக்கம் என்எஸ்பிஎம். ஸ்லிட்டில் சந்தைப்படுத்தல் முகாமைத்துவத்தில் வணிக நிர்வாகச் சிறப்புப் பட்டம் இருக்கிறது. என்எஸ்பிஎம்மில் உள்ளூர்ப் பட்டங்களும் வெளிநாட்டுப் பட்டங்களும் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் நடக்கும். எதில் சேருகிறீர்கள் என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே உறுதிப்படுத்துங்கள்.

பிரித்தானியப் பட்டத்தை இங்கேயே இருந்து படிக்கலாம் என்கிறார்கள். அது செல்லுமா?

செல்லும், கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்து. உதாரணத்துக்கு, யூனியன் பிளேஸில் இருக்கும் ஏபிஐஐடி என்ற தனியார் நிறுவனம் படிப்பிப்பது இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு. சான்றிதழில் வருவது அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர்.

மானியங்கள் ஆணைக்குழு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றை ஏற்க, அது பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ இருக்கிறதா என்று பார்க்கும். இங்கிலாந்து என்றால் அங்குள்ள உயர்கல்வி ஒழுங்காற்று அலுவலகத்தின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடலாம். பட்டத்துக்கு முந்திய எச்என்டி (உயர் தேசிய டிப்ளோமா), டிப்ளோமா போன்றவற்றை, அங்கே தகைமைகளை ஒழுங்குபடுத்தும் ஒஃப்குவாலின் பதிவேட்டில் தேடலாம். பத்து நிமிட வேலை. எங்குமே பெயர் இல்லாவிட்டால், வரவேற்பறை எவ்வளவு குளிராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு அரச வேலைக்கோ இங்கே முதுமாணிக்கோ போகும் யோசனை இருந்தால் இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் உங்கள் பட்டம் எந்த மட்டம் என்று கேளுங்கள். பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 90 திறமைப்புள்ளி. சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120. எச்என்டி முடித்து ஒரே வருடத்தில் "டொப்அப்" செய்து பட்டம் எடுப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்கவேண்டும். தனியார் கம்பனியில் எவரும் இதைக் கேட்கப்போவதில்லை; முதுமாணி விண்ணப்பத்தில் கேட்பார்கள்.

மொத்தச் செலவு எவ்வளவு வரும்?

துண்டுப்பிரசுரத்தில் இருக்கும் தொகையை மொத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டணத் தாளை வாங்கி மேசையில் வைத்து ஒவ்வொரு வரியாகப் போங்கள். பதிவுக் கட்டணம் தனி, நூலக வைப்புத் தனி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கான கட்டணம் பெரும்பாலும் கீழே சிறிய எழுத்தில் பவுண்ஸில் இருக்கும். ஒரு பாடம் தவறினால் திரும்ப எழுதுவதற்கு எவ்வளவு, ஒப்படை பிந்தினால் எவ்வளவு, பட்டமளிப்பு அங்கிக்கும் மண்டபத்துக்கும் எவ்வளவு, இடையில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்றும் கேளுங்கள். இவை தாளில் இல்லாவிட்டால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பவுண்ஸ் வரியை இலேசாக எடுக்கவேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. பவுண்ஸும் அதனோடு ஏறியது. இரண்டாம் வருடத்தில் இருந்த பிள்ளைகளின் பெற்றோர் நகையை எடுத்துக்கொண்டு செட்டியார் தெருவுக்குப் போன காலம் அது. கட்டணம் ரூபாயில் நிலையாக இருக்கிறதா, இல்லை கட்டும் நாளின் மாற்று வீதமா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள்.

காசு இல்லாதவர்களுக்கு 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் இருக்கிறது. வட்டியை அரசு கட்டும், முதலைப் படிப்பு முடிந்து தவணையில் கட்டவேண்டும். அந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ள உள்ளூர்ப் பட்டங்களுக்கு மட்டும்தான் இது கிடைக்கும். விண்ணப்பம் கோரும் காலத்தைத் தவறவிட்டால் அடுத்த முறை வரை காத்திருக்கவேண்டும்.

பட்டமே தேவையா? சிஐஎம் முடித்தால் போதாதா?

கொழும்புக் கம்பனிகளில் சிஐஎம் என்ற பெயருக்கு நல்ல மதிப்பு இருக்கிறது. அதன் டிப்ளோமா பிரித்தானிய 6ஆம் மட்டம், அதாவது பட்டத்துக்குச் சமமான மட்டம். ஆனால் அது பட்டம் ஆகாது. 1970இல் தொடங்கிய இலங்கைச் சந்தைப்படுத்தல் நிறுவகமான ஸ்லிம்மின் டிப்ளோமாவுக்கும் இதே கதைதான்.

என் அபிப்பிராயம்: 19 வயதுப் பிள்ளைக்குப் பட்டம். 30 வயதில் ரெப்பாகவோ ஏரியா மேனேஜராகவோ இருப்பவருக்கு முதலில் சிஐஎம் அல்லது ஸ்லிம். அரச பல்கலைக்கழகம் கிடைத்தவர்களுக்கோ உயர்தரத்துக்கும் விரிவுரை தொடங்குவதற்கும் இடையில் ஒரு வருடத்துக்கு மேல் இழுபடுவது வழக்கம். அந்த இடைவெளியில் சிஐஎம்மின் முதற்படிகளைத் தொடங்கிவிடலாம். வீட்டில் இருந்து போன் பார்ப்பதைவிட நல்லது.

தமிழ் மொழியில் படித்த பிள்ளை. ஆங்கிலத்தில் சமாளிக்குமா?

கொழும்பில் இந்தப் பட்டங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. முதல் வருடம் கஷ்டம்தான். வணிகக் கல்வியில் தமிழில் படித்த "சந்தைத் துண்டாக்கம்" எல்லாம் வேறு பெயரில் வரும்போது தெரிந்த விடயமே தெரியாததுபோல் இருக்கும். இரண்டாம் தவணையோடு இது தீர்ந்துவிடும். நிறுவனத்தில் முதல் வருட ஆங்கில வகுப்பு உண்டா, அதற்குத் தனிக் காசா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கவலைப்படுவது சிங்களத்தைப் பற்றி. நேர்முகத் தேர்வுக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளில் ஆங்கிலம் நன்றாகப் பேசி, சிங்களம் என்றதும் தலையைக் குனிபவர்கள் நிறைய. விற்பனையில் இது பெரிய நட்டம். மறுபக்கம் பாருங்கள்: கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வடக்கு, கிழக்கு, மலையகம், புறக்கோட்டை என்று தமிழ் பேசும் சந்தை பரந்து கிடக்கிறது. அங்கே போய்ப் பேசவும், திரும்பி வந்து தலைமை அலுவலகத்தில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விளக்கம் சொல்லவும் ஆள் தேவை. மூன்று மொழியும் ஓடுகிற பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவு என்றாலும் நான் வேலை கொடுப்பேன். முதல் வகுப்பும் ஒரே மொழியும் என்றால் கொஞ்சம் யோசிப்பேன். ஆகவே பிள்ளை சிங்களப் பிள்ளைகளோடு கலந்து குழு வேலை செய்யும் இடத்தில் சேர்வது நல்லது. "எங்கட ஆக்கள் நிறையப் பேர் இருக்கிற இடம்" என்று தேடும் பெற்றோரிடம் இதை நான் எப்போதும் சொல்வதுண்டு. முகம் கொஞ்சம் சுருங்கும்.

இன்டர்ன்ஷிப் பற்றி என்ன கேட்கவேண்டும்?

"பாடத்திட்டத்தில் உண்டா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். போன வருடப் பிள்ளைகள் எந்தெந்தக் கம்பனிக்கு, எந்தப் பிரிவுக்குப் போனார்கள், எத்தனை மாதம், படி கொடுத்தார்களா என்று கேளுங்கள். அலுவலகத்தில் ஆறு மாதம் எக்செல் தாள் நிரப்பிவிட்டு வந்தவரும் தெருவில் இறங்கியவரும் நேர்முகத் தேர்வில் வாய் திறந்தவுடனே தெரிந்துவிடும்.

தெருவில் இறங்குவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிஸ்கட், சவர்க்காரம், பால்மா எதுவானாலும் சரி, காலையில் விநியோகஸ்தர் களஞ்சியத்தில் ஆள் ஆஜராகவேண்டும். அன்றைய ரூட், கடைப் பட்டியல், டார்கெட் எல்லாம் கையில் இருக்கும் டெப்லெட்டில் வரும். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மொத்தக் கடை முதலாளி நிமிர்ந்தே பார்க்கமாட்டார். கல்லாவுக்குப் பின்னால் இருந்து, "தம்பி, போன மாசம் திரும்ப எடுக்கிறேன் எண்ட டேட் போன பெட்டி இன்னும் இங்கதான் கிடக்கு" என்பார். அந்தப் பெட்டியை எடுப்பதற்கு ஏரியா மேனேஜரிடம் அனுமதி வாங்கி, பழைய பில்லில் பாதியையாவது வசூலித்து, அதன் பிறகு புதிய ஓர்டர் எடுக்கவேண்டும். பக்கத்துக் கடையில் போட்டிக் கம்பனி பத்துப் பெட்டிக்கு ஒன்று இலவசம் என்று போயிருக்கும். கொட்டாஞ்சேனையில் சின்னக் கடை அக்காவுக்கு ஒரு பெட்டியே அதிகம். ஆனால் கண்ணில் படும் தட்டில் பொருளை வைக்க விடுவார். விநியோக வழி, கடன் கொள்கை, தட்டு இடம் என்று புத்தகத்தில் தனித்தனி அத்தியாயமாக வருவதெல்லாம் இங்கே ஒரு காலைக்குள் வந்துவிடும்.

விரிவுரையாளர்களைப் பற்றியும் இதே மாதிரிக் கேளுங்கள். கலாநிதிகள் வேண்டும், சந்தேகமில்லை. அவர்களோடு, இன்றைக்கும் ஏதாவது ஒரு கம்பனியில் விற்பனைக் குழுவை நடத்துகிற ஒருவராவது வாரம் ஒருமுறை வந்து படிப்பிக்கிறாரா?

பை தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறுவதற்கு எதற்குப் பட்டம் என்று அப்பா கேட்கிறார்.

அப்பாவுக்கு வங்கி வேலைதான் வேலை. அந்த வங்கியிலும் இப்போது கிளை முகாமையாளருக்கு வைப்பு டார்கெட், கடன் அட்டை டார்கெட் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். பட்டம் இல்லாமலும் ரெப் ஆகலாம். நல்ல ரெப் பலர் அப்படித்தான் வந்தார்கள். ரூட்டில் இருந்து பிரதேச முகாமையாளர், தேசிய விற்பனை முகாமையாளர் என்று ஏறும் இடத்தில்தான் பட்டம் கேட்பார்கள்.

மகள் படிக்க விரும்புகிறாள். பெண் பிள்ளைக்கு இது சரிவருமா?

வரும். ரூட் வேலை மட்டும் விற்பனை ஆகாது. சுப்பர்மார்க்கெட் சங்கிலிகளைக் கையாளும் பிரிவு, தொலைத்தொடர்பு, வங்கி, காப்புறுதி, விளம்பர முகவர் நிலையம், ஆராய்ச்சி என்று போக நிறைய வழி உண்டு. ரூட்டுக்கே போக விரும்பினாலும் தடுக்காதீர்கள்; வாகனம் கம்பனி கொடுக்குமா, எத்தனை மணிக்கு முடியும் என்று நேர்முகத் தேர்வில் கேட்க உரிமை இருக்கிறது.

சேரும்போது பார்க்கவேண்டியது வகுப்பு நேரம். பகல் நேரப் பட்டம் என்று சொல்லிவிட்டு, வேலைக்குப் போகும் விரிவுரையாளர்களுக்காக மாலையில் வகுப்பு வைக்கும் இடங்கள் உண்டு. இரவு எட்டரைக்கு விட்டால் எப்படி வருவது? கால அட்டவணையைக் கேளுங்கள்.

ஹட்டனில் இருந்து வருகிறோம். எங்கே தங்குவது, எப்படிப் போவது?

தமிழ்ச் சாப்பாடும் தெரிந்த முகங்களும் வேண்டும் என்று எல்லோரும் வெள்ளவத்தையில் போர்டிங் தேடுவார்கள்; வாடகையும் அதற்கேற்ப இருக்கும். ஜயவர்தனபுர என்றால் ஹைலெவல் வீதியில் ஓடும் 138 பஸ்ஸில் விஜேராம சந்தியில் இறங்கலாம். நுகேகொடைப் பக்கம் அறை எடுத்தால் நேரம் மிச்சம். மாலபேக்குக் கொள்ளுப்பிட்டியில் இருந்து 177. தினமும் வெள்ளவத்தையில் இருந்து மாலபேக்குப் போய்வருவது முடியும், ஆனால் மழை நாளில் முதல் வகுப்பு போய்விடும். நிறுவனத்தைத் தீர்மானித்த பிறகு அறை தேடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

டிஜிட்டல் மார்க்கெட்டிங் மட்டும் படித்தால்?

மூன்று மாதப் பாடநெறியாகப் படியுங்கள். பேஸ்புக்கும் கூகுளும் விளம்பரப் பக்கத்தை அடிக்கடி மாற்றுவார்கள்; அதை மட்டும் நம்பி நாலு வருடத்தைக் கொடுக்கவேண்டாம்.

ஆறு வருடமாக ரெப் வேலை. உயர்தரம் சரிவரவில்லை. இனி வழி இருக்கிறதா?

இருக்கிறது. சிஐஎம் போன்ற தொழில்சார் தகைமைகளில் வேலை அனுபவத்தைக் கணக்கில் எடுத்து உள்ளே விடும் வழி உண்டு. பட்டம்தான் வேண்டும் என்றால் நாவலையில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவக் கற்கைகளையும், முதலில் அடிப்படைப் படிப்புகளை முடித்து மேலே போகும் வழியையும் அங்கேயே நேரில் போய்க் கேளுங்கள். வேலையை விடாதீர்கள். ஒப்படைகளில் மற்றவர்கள் கற்பனைக் கம்பனி பற்றி எழுதும்போது உங்களிடம் உங்கள் ரூட்டே இருக்கிறது. மாதக் கடைசிக் கிழமையில் பரீட்சை வராதா என்று மட்டும் பாருங்கள். டார்கெட்டும் பரீட்சையும் ஒன்றாக வந்தால் இரண்டும் போகும்.

"இன்றைக்கே முற்பணம் கட்டினால் ஒரு லட்சம் கழிவு" என்கிறார்கள். கட்டலாமா?

இன்றைக்கு வேண்டாம். உங்களிடம் பேசும் அந்தப் பிள்ளைக்கும் மாத டார்கெட் இருக்கிறது, கோபிக்கத் தேவையில்லை. கட்டணத் தாள், பாடப் பட்டியல், வர்த்தமானிப் பிரதி, விலகினால் பணம் திரும்பும் நிபந்தனை ஆகியவற்றை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். மாணவர் சேர்க்கைக் காலம் முடியும் வரை அந்தக் கழிவு பெரும்பாலும் அங்கேயே இருக்கும். திரும்பிப் போகும்போது அலுவலகத்துக்கு நேரே போகாமல், இடைவேளையில் சிற்றுண்டிச்சாலையில் இருக்கும் இறுதியாண்டுப் பிள்ளைகள் இரண்டு பேரிடம், எந்த விரிவுரையாளர் ஒழுங்காக வருகிறார், ஒப்படை மதிப்பெண் எத்தனை கிழமையில் கிடைக்கிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள்.